தோழிக்கு ஒரு கடிதம்: லிஸே டேவிட்சனின் முதல் வருஷங்கள்

அன்புள்ள கிரேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். இங்கே வேறு விசேஷம் இல்லை, நேராக உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் குயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவளிடம் புது டீச்சர் "நீ சொப்ரானோ", அதாவது உயர்ந்த குரல், என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து முகம் வாடிக் கிடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு ஓபரா பாடகி லிஸே டேவிட்சன் ஞாபகம்தான் வந்தது.

நார்வேயில் ஸ்டோக்கே என்ற சின்ன ஊரில் 1987-இல் பிறந்தவர். கிட்டாரை வைத்துக்கொண்டு பாடித் திரிந்த பெண். அப்புறம் பெர்கன் நகரின் கிரீக் அகாதெமியில் சேர்ந்தபோது மெஸ்ஸோ சொப்ரானோவாகத்தான், அதாவது சொப்ரானோவுக்கும் ஆல்ட்டோவுக்கும் நடுவிலான குரலாகத்தான், படித்தார். பாக் இசை மேல் அப்படி ஒரு பிரியம், தேர்ந்த குயர்களில் பாடிப் பழகியவர். பிறகு கோபன்ஹேகன் ஓபரா அகாதெமிக்குப் போனார். அங்கே சுசன்னா ஏகன் என்ற ஆசிரியைதான் அவர் குரல் சொப்ரானோ என்று கண்டுபிடித்தார். இருபதைத் தாண்டிய வயதில் பாடும் முறையையே மாற்றிக்கொள்வதென்றால் எவ்வளவு கலக்கமாக இருக்கும், யோசித்துப் பார். உன் மகளுக்கு வயது இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

2014-இல் படிப்பு முடிந்தது. மறு வருஷமே லண்டனில் நடந்த ஓபராலியா என்ற ஓபரா பாடகர் போட்டியில் முதல் பரிசு, ரசிகர் பரிசு, பிர்கிட் நில்சன் பரிசு மூன்றையும் வாங்கிவிட்டார். ஆஸ்லோவில் ராணி சோன்யா பாட்டுப் போட்டியிலும் அவருக்கே முதலிடம். ஓபராலியாவில் பாடியது வாக்னரின் 'டான்ஹாய்சர்' ஓபராவில் எலிசபெத் பாடும் பாட்டு. காதலன் போனதிலிருந்து கால் வைக்காத மண்டபத்துக்குள் திரும்ப வந்து, அந்த மண்டபத்தையே வாழ்த்திப் பாடுகிறாள். லிஸேயின் அந்தப் பெரிய குரல் மேலே போகும்போது கத்துவதே இல்லை, இன்னும் விரிகிறது, அவ்வளவுதான். இதே எலிசபெத்தாக 2019-இல் ஜெர்மனியின் பைராய்த்தில் வாக்னரின் சொந்த அரங்கத்திலேயே பாடினார். அதே வருஷம் நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், அதாவது மெட்டில், சைக்கோவ்ஸ்கி ஓபராவின் லீசாவாகப் பாடினார்.

ஆனால் எனக்குப் பிடித்தது 2017-இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா விழாவில் பாடிய அரியாட்னேதான். ஸ்ட்ராஸின் ஓபரா. தீவில் கைவிடப்பட்ட பெண், எல்லாம் தூய்மையாக இருக்கும் ஒரு நாட்டைப் பற்றிப் பாடுகிறாள். அது மரணத்தின் நாடு என்று சொல்லும் இடத்தில் பாட்டு சட்டென்று அடியாழத்துக்கு இறங்கும். பல சொப்ரானோக்களுக்கு அங்கே ஒலி மெலிந்துவிடும். லிஸேயிடம் மெலியவில்லை. மெஸ்ஸோவாகப் பாடிய வருஷங்கள் அங்கேதான் கை கொடுக்கின்றன என்று நான் திடமாக நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய குரல் கிடைத்தால் உடனே இசோல்டேயைப் பாடு, ப்ரூன்ஹில்டேயைப் பாடு என்று வாக்னரின் மிகக் கனமான பாத்திரங்களுக்கு எல்லோரும் துரத்துவார்கள். அந்த முதல் வருஷங்களில் அவர் இரண்டையும் தொடவில்லை. அதே நார்வேயின் பழைய பாடகி கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட்டும் 1913-இல் மேடையேறி, பல வருஷம் ஆபரெட்டா என்ற லேசான இசை நாடகங்கள் எல்லாம் பாடி, 1932-இல்தான் இசோல்டே பாடினார். மெட்டில் அறிமுகமானது 1935-இல், 39 வயதில்!

அதனால் உன் மகளைக் குயரை விட்டு நிறுத்திவிடாதே, தயவுசெய்து. உச்ச ஸ்வரங்களுக்கு இப்போதே அவசரப்படுத்த வேண்டாம், நடுக்குரலை முதலில் நிலைப்படுத்தலாமா என்று டீச்சரிடம் கேள். அரியாட்னேயின் அந்தப் பாட்டை ஹெட்போன் போட்டு ஒரு தடவை முழுசாகக் கேட்கச் சொல், முக்கியமாக அந்தக் கீழ் ஸ்வரங்களை. கேட்டுவிட்டு என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது. டிசம்பரில் நீங்கள் இங்கே வருவது உறுதிதானே? டிக்கெட் போட்டதும் தேதி சொல்.

அன்புடன்,
சுகந்தி