விமானப் பயண நேரம் காட்டும் இணையதளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் போதும், நொடியில் தூரமும் நேரமும் சொல்லிவிடுகிறீர்கள். தூரக் கணக்கில் எங்களுக்குக் குறையில்லை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருவட்டப் பாதையில் (உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வளைகோட்டில்) கணக்கிட்டால், பிழை ஏறத்தாழ அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சிக்கல் நேரத்தில்தான். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்து, அந்தத் தூரத்தை 900-ஆல் வகுத்து, வருவதைப் ‘பயண நேரம்’ என்று போடாதீர்கள். அதை நம்பித்தான் பலர் இணைப்பு விமானத்துக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.

நியூயார்க் கென்னடி – லண்டன் ஹீத்ரோ தடத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். உங்கள் கணக்குப்படி போகவும் வரவும் தலா 6 மணி 9 நிமிடம். ஆனால் வட அட்லாண்டிக்கின் மேலே ஜெட் காற்று (மிக உயரத்தில் வேகமாகப் பாயும் காற்றோட்டம்) மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றே வைப்போம். கிழக்கே போகும்போது 5 மணி 32 நிமிடம்; திரும்பும்போது 6 மணி 56 நிமிடம். போக வரச் சேர்த்தால் சமமாகிவிடும் என்று தோன்றும். ஆகாது: எதிர்காற்றில் அதிக நேரம் பறப்பதால் மொத்தத்தில் 9 நிமிடம் கூடவே ஆகும். புயல் நாளில் கணக்கே மாறிவிடும். 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் இதே தடத்தில் 5 மணிக்கும் குறைவான நேரத்தில் லண்டன் சேர்ந்தது.

இதெல்லாம் வானத்தில் மட்டும். கேட்டை (பயணிகள் விமானத்தில் ஏறும் வாயிலை) விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து, இறங்கிய பின் அடுத்த கேட்டில் நிற்கும் வரை உள்ள நேரத்தையும் சேர்த்துத்தான் விமான நிறுவனங்கள் அட்டவணை போடுகின்றன. பரபரப்பான நிலையங்களில் இதுவே அரை மணியைத் தாண்டும்.

மூடிய வான்வெளி இன்னொன்று. ஹெல்சிங்கி – டோக்கியோ நேர்தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் 13 மணி நேரம் வரை ஆகிறது. பெருவட்டக் கோட்டுக்கு இது தெரியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை: போவதற்கும் வருவதற்கும் நேரத்தைத் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒற்றை எண் வேண்டாம்; ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று போடுங்கள். ‘பறக்கும் நேரம்’, ‘கேட்டிலிருந்து கேட் வரை’ இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கடிகார வித்தியாசத்தையும் நிரந்தர எண்ணாகப் பதித்து வைக்காதீர்கள். நியூயார்க்கில் மாலை 6.30-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.30-க்கு லண்டனில் இறங்கினால் கடிகாரப்படி 12 மணி நேரம். 5 மணி வித்தியாசத்தைக் கழித்தால் 7. ஆனால் மார்ச்சில் அமெரிக்கா இரண்டாம் ஞாயிறும், பிரிட்டன் கடைசி ஞாயிறும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் வித்தியாசம் 4 மணிதான். அந்த நாட்களில் 5-ஐக் கழித்தால் ஒரு மணி நேரம் பிசகும். இரு நேரங்களையும் அந்தந்தத் தேதிக்குரிய விதிப்படி உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.