பொதுக்குழுவைக் கூட்டுங்கள்: நம் கல்விச் சங்கத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலர் பொறுப்புக்கு உரிமை கோரும் இரு தரப்பினருக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும்,

ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

நான் 22 வருஷமாக நம் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். தரங்கம்பாடிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் பொருளாளராக இருக்கிறேன். நேரில் பேசலாம் என்று மூன்று தடவை சங்க அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டு தடவை பூட்டிக் கிடந்தது. மூன்றாவது தடவை, 'செயலர் யாரென்று முடிவான பிறகு வாருங்கள்' என்றார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

யார் யார்மேல் வழக்குப் போட்டார்கள், மினிட்ஸ் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு பெண்பிள்ளை. அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள்தான். பி.எஸ்ஸி. கணினி அறிவியல், சுயநிதிப் பிரிவு. ஆகஸ்டில் நடந்த விழாவில் நம் சங்கம் அவளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தது. தலைவர் ஐயா, நீங்கள்தான் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண் கலங்கினேன்.

அந்தக் காசோலை திரும்பி வந்துவிட்டது.

அவள் கணக்கில் கிடந்தது 640 ரூபாய். காசோலை திரும்பியதற்கான கட்டணம் என்று 118 ரூபாய் அதிலிருந்து போய்விட்டது. பாஸ்புக்கை என்னிடம் நீட்டி, "சார், சலான்ல நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?" என்று கேட்டாள். தப்பு தன்னுடையது என்றே அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "உங்க சங்கத்துலேர்ந்து ரெண்டு லெட்டர் வந்திருக்கு சார். இவர் கையெழுத்து செல்லாதுன்னு அவர் எழுதியிருக்கார், அவர் கையெழுத்து செல்லாதுன்னு இவர் எழுதியிருக்கார். நாங்க கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம். பொதுக்குழுத் தீர்மானமும் பதிவாளர் ஆபீஸ் சான்றும் கொண்டு வாங்க, உடனே திறந்து விடுறோம்" என்றார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தது.

நவம்பரில் பருவத்தேர்வு. கட்டணம் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள் அம்மா வந்தபோது காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு முந்தானையை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டார். நான் காணிக்கைப் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஐயாமார்களே, பொதுக்குழுவைக் கூட்டுங்கள். தேர்தல் நடத்துங்கள். யார் வேண்டுமானாலும் வரட்டும். காசோலை செல்லும்படி கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தார், பரங்கிக்காய், சேவல், ஒரு மரக்கால் நெல் என்று சனங்கள் கொண்டுவந்து வைப்பார்கள். இருநூறு ரூபாய் பெறாத பரங்கிக்காயை ஆயிரத்துக்கு ஏலம் எடுப்பார்கள். பிள்ளைகள் படிப்புக்குத்தானே என்பார்கள். அதில் ஒரு பங்கைச் சங்கத்துக்கு என் கையால்தான் அனுப்பி வருகிறேன். இந்த வருஷம் என்ன செய்வது என்று சபையில் கேட்கிறார்கள். அனுப்பலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பிள்ளைக்கு நம் உதவி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் நீங்கள் அறியாததல்ல. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக இருந்தால் பட்டியல் சாதியில் இடம் இல்லை. தெரு அதே தெரு, கூலி அதே கூலி, பட்ட அவமானமும் அதே. சான்றிதழில் மட்டும் பி.சி. மத்திய அரசின் எஸ்.சி. ஒதுக்கீடு இவளுக்குக் கிடையாது. இப்படி விட்டுப்போன பிள்ளைகளைத் தூக்கிவிடத்தான் பெரியவர்கள் நம் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

படிப்பென்றால் இந்த டெல்டாவுக்கு ஒரு பெருமை உண்டு. மிஷனரி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-இல். மறுவருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார். திருச்சியில் இன்றைக்குப் பெரிய கல்லூரியாக நிற்கும் புனித வளனார் கல்லூரி, 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் அங்கே போனது. அவருக்குப் பின் வந்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கதையை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஹைதர் அலி படையெடுப்பின்போது தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். அதிகாரிகள் காசு கொடுப்பார்கள் என்று நம்பி நெல்லையோ மாட்டையோ தர ஒரு குடியானவரும் தயாராக இல்லை. 'நான் பொறுப்பு' என்று சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன பிறகுதான் வண்டி மாடுகள் வந்தன, நெல் வந்தது. ஒரு போதகர் வாய்ச்சொல்லுக்கு இந்த மண் அவ்வளவு மதிப்புக் கொடுத்தது. அதே மண்ணில் இன்று நம் சங்கம் முத்திரை குத்திக் கொடுத்த காசோலை திரும்பி வருகிறது. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு கூட வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது. நம் சங்கத்தில் கடைசியாகப் பொதுக்குழு கூடி ஐந்து வருஷம் ஆகிறது. அரசாங்கம் ஏதாவது கேட்டால் அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மை உரிமை என்று உடனே பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமை சமுதாயத்துக்குக் கொடுத்தது. இரண்டு குடும்பங்கள் பங்கு பிரித்துக்கொள்ளக் கொடுத்ததல்ல. செயற்குழுவில் இன்றுவரை ஒரு பெண் இல்லை. சுயநிதிப் பிரிவில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கொத்தனாருக்குக் கிடைக்கிற கூலிகூட இல்லாமல் வருஷக்கணக்காகக் கஷ்டப்படுகிறார்கள். அதைப் பற்றிப் பேச நம் சங்கத்துக்கு நேரமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறது? அதையாவது கணக்கில் காட்டுவீர்களா?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். உங்களில் பலர் எனக்கு மூத்தவர்கள், சிலர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இந்தச் சங்கத்துக்காக நீங்கள் அலைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதை குறையவில்லை. அதனால்தான் பணிவாகக் கேட்கிறேன். வழக்கு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு தேதி வையுங்கள். விதிப்படி எல்லா உறுப்பினருக்கும் அறிவிப்பு அனுப்புங்கள். அன்றைக்கே வரவுசெலவையும் வைத்துவிடுங்கள். ஜனவரியில் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த அம்மாவிடம் அடகு வைக்க இனி ஒன்றும் இல்லை.

எந்தத் தரப்பு இடத்தில் கூட்டுவது என்பதுதான் தடை என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் எங்கள் சபை மண்டபத்துக்கு வாருங்கள். சபையாரிடம் பேசிவிட்டேன். வாடகை வேண்டாம். இருநூறு பேர் உட்காரலாம், மத்தியானச் சாப்பாடும் போட்டுவிடுகிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள ஆயுள் உறுப்பினர்,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்