எது ‘ஒருமுறை’ப் பொருள் என்று கடைவீதியில் எழுதி வையுங்கள்: குமரி மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடையை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாயாக்கடை, சமையல், பந்தி பரிமாறும் தொழிலில் இருப்பவர்கள் எழுதுகிறோம். தடை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழை விட்டதும் அனந்தனாறு சானலில் மடையை அடைத்துக்கொண்டு கிடப்பது என்ன என்று எங்களுக்கும் தெரியும். மாநிலத் தடைக்குப் பல வருடம் முன்பே நெகிழி ஒழிப்பைக் கையில் எடுத்த மாவட்டம் இது. அதில் எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் அண்மையில் ஒரு பேரூராட்சியில் நடந்ததைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு சாயாக்கடையில் பேப்பர் கப்புகளைப் பறிமுதல் செய்து அபராதம் போட்டார்கள். கப் வந்த அட்டைப்பெட்டியில் ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’ என்று பச்சை எழுத்து. ஜிஎஸ்டி போட்ட பில்லும் கடைக்காரர் கையில் இருந்தது. “பிளாஸ்டிக் வேண்டாம்னுதானே சார் பேப்பருக்கு மாறினேன்” என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அதே கப்பை அவருக்கு விற்ற மொத்தக் கடை அன்றும் திறந்திருந்தது, மறுநாளும் திறந்திருந்தது.

சட்டப்படி அபராதம் சரிதான். 2018 ஜூன் 25-ஆம் தேதி வந்த தமிழ்நாடு அரசின் அரசாணை 84, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் உண்டு. உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில் பேப்பர் கப் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள ஒன்றிய அரசின் பட்டியலில் பேப்பர் கப் என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. கடைக்காரர் செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டியல். இரண்டுக்கும் தலைப்பு ஒன்று, ‘ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்’. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. எனவே முதலில் கேட்பது இதுதான்: நம் மாவட்டத்தில் எது செல்லும், எது செல்லாது என்பதற்குத் தமிழில் ஒரே பட்டியல், மாதிரிப் பொருளோடு, ஒவ்வொரு சந்தையிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் வையுங்கள்.

மாதிரிப் பொருள் ஏன் வேண்டும் என்றால், கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. சாயா ஊறி ஒழுகாமல் தடுப்பதும் அதுதான். சூட்டில் உருகி, கப்பின் பக்கத்து மூட்டையும் அடியையும் ஒட்டிப் பிடிப்பதும் அதுதான். கப்பைக் கிழித்து வெந்நீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டு விரலால் தேய்த்தால் காகிதம் கூழாகக் கழன்றுவரும். கண்ணாடிபோல ஒரு தாள் கையில் மிஞ்சும். அது மிஞ்சினால் தடைப்பொருள். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு வாளி போதும். சாதாரண காகித ஆலையில் இந்தத் தாளைப் பிரிக்க வழி இல்லாததால் பழைய பேப்பர் வாங்குபவரும் இந்தக் கப்பை எடுப்பதில்லை. 100 மில்லி சூடான நீர் இதில் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐஐடி ஆய்வு சொல்லியிருக்கிறது. இதை எல்லாம் சாயாக்கடைக்காரரிடம் யாராவது ஒருநாள் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அவர் அந்தப் பெட்டியை வாங்கியிருக்கவே மாட்டார்.

கண்ணாடி கிளாஸுக்குத் திரும்பச் சொல்லுங்கள், திரும்புகிறோம். கொரோனாவுக்குப் பிறகு “பேப்பர் கப்ல தாங்க” என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கழுவும் வாளியைப் பார்த்துத்தான் அந்தப் பயம். சோப்புத் தண்ணீர் ஒரு தொட்டி, நல்ல தண்ணீர் ஒரு தொட்டி, கடைசியாக பாய்லர் வெந்நீரில் ஒரு அலசல். பாய்லர் எல்லாக் கடையிலும் இருக்கிறது. இரண்டாவது தொட்டித் தண்ணீரை மாற்றாமல் ஓட்டுவதுதான் நடக்கும் தவறு. உணவுப் பாதுகாப்பு ஆய்வில் அதைப் பாருங்கள், கண்டியுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

பை விவகாரம் இதைவிடக் குழப்பம். ஜவுளிக்கடையில் தரும் நான்-ஓவன் பையைத் துணிப்பை என்றே நம்பி வாங்குகிறார்கள். அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். உற்றுப்பார்த்தால் நெசவு இருக்காது, வரிசையாகப் புள்ளி அழுத்தம் இருக்கும். ஒரு ஓரத்தைக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும். இது உருகிக் கட்டியாகும். மாநிலப் பட்டியலில் இதுவும் தடை. ஒன்றிய விதியிலோ 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) எடைக்குக் குறையாத நான்-ஓவன் பை செல்லும். கேரளத்திலும் அந்த எடைக்கு மேற்பட்ட பைகளுக்கு இருந்த மாநிலத் தடையை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆக, எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலையில் குற்றமில்லாத பை களியக்காவிளை தாண்டினால் குற்றம். பிளாஸ்டிக் கேரி பேக்கிலும் இதே கதை. ‘120 மைக்ரான்’ என்று அச்சடித்து வருவதைக் காட்டி, இது அனுமதி உள்ள பை என்று விற்கிறார்கள். அந்த அளவு ஒன்றிய விதிக்கு உரியது. தமிழ்நாட்டில் எத்தனை தடிமனானாலும் பிளாஸ்டிக் கேரி பேக் தடைதான். இதை விற்பவரும் சொல்வதில்லை, பிடிப்பவரும் சொல்வதில்லை. ஒரே பட்டியல் வேண்டும் என்று மறுபடியும் கேட்பது இதனால்தான்.

கல்யாணப் பந்திக்கு வருகிறோம். நம் ஊரில் அடைப்பிரதமனை இலையில் ஊற்றி, பப்படமும் பழமும் நொறுக்கிச் சேர்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். இப்போது பாயசத்துக்கு ஒரு கப், ரசத்துக்கு ஒரு கப், மோருக்கு ஒரு கப், இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். 1,000 பேர் சாப்பிட்டால் 3,000 கப் குப்பைக்குப் போகிறது. பந்திக்கு 200 பேர் என்றால், இலைக்கு மூன்று வீதம் இரண்டு செட்டாக 1,200 எவர்சில்வர் தம்ளர் இருந்தால் ஒரு செட் பந்தியில் இருக்கும்போது அடுத்த செட்டைக் கழுவி எடுத்துவிடலாம். தடங்கல் தம்ளரில் இல்லை. பல மண்டபங்களில் கழுவுமிடமும் வடிகாலும் இல்லை. மண்டப உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.

அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மடக்கு குடித்துவிட்டு எறியும் பெட் பாட்டில் அரசாணையின் 14 பொருள்களிலும் இல்லை, ஒன்றியப் பட்டியலிலும் இல்லை. நாலு மாதம் காய்கறி வாங்கப் பயன்படும் நான்-ஓவன் பை ‘ஒருமுறை’ப் பொருள், இது இல்லை. கன்னியாகுமரி கடற்கரையில் காலையில் கூட்டிப் பெருக்குபவர்களிடம் கேளுங்கள், சாக்கு நிறைவது எதனால் என்று. பெரிய கம்பெனி பாட்டிலை யாரும் தொடுவதில்லை. பெட்டிக்கடைக்காரரின் ஒரு கட்டு உறிஞ்சுகுழலுக்கு மட்டும் ஜீப் வருகிறது. இது எங்களுக்கு ஆறவில்லை.

கோபத்தில் சொல் நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய காரியம். ஒரே பட்டியல், அதன் பக்கத்தில் செல்லும் பொருளும் செல்லாத பொருளும் கண்ணாடிப் பெட்டியில். வடசேரி, அப்டா சந்தை, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, குளச்சல் என்று கூட்டம் கூடும் இடங்களில் முதலில் வையுங்கள். பறிமுதலை மொத்தக் கடையில் தொடங்குங்கள், சாயாக்கடைக்குக் கடைசியில் வாருங்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலை சீசன் தொடங்கினால் கன்னியாகுமரியில் சீசன் கடைகள் நிறைந்துவிடும். அதற்கு முன்பே இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வாளியும் வெந்நீரும் சோதித்துக் காட்ட ஆளும் வேண்டுமென்றால் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்துச் சாயாக்கடை, சமையல், பந்தித் தொழில் செய்வோர்