"போட் போச்சு" எண்டு சொல்ல முதல் மீற்றர எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பர்ல பழைய எலக்ட்ரோனிக் சாமான் பத்தி வந்த கட்டுரைய வாசிச்சன். போட், அதான் உள்ளுக்க பாட்ஸ் எல்லாம் ஈயத்தால ஒட்டியிருக்கிற பலகை, போன சாமானத் திருத்துறது வீண் வேல, புதுசு வாங்குறதுதான் லாபம் எண்டு போட்டிருந்தீங்க. கல்முனைப் பக்கம் ரேடியோ, டீவி திருத்திச் சாப்பிடுற ஆள் நான், இதுக்கு மறுப்பு எழுதாம இருக்க ஏலாது. கன சாமான்ல போட் போறதே இல்ல, போட்டுக்கு வாற கரண்ட்தான் போகுது.

அறுகம்பேல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல பின்போல் மெசின் ஒண்டு கிடக்கு. நம்மட ஆக்கள் கன பேர் கண்டிருக்க மாட்டாங்க, கண்ணாடிக்குக் கீழ சரிவான பலகையில இரும்புக் குண்டு உருண்டு வரும், பக்கத்துப் பட்டன அமத்தினா பிளிப்பர் எண்டு சொல்லுற ரெண்டு துடுப்பும் குண்ட அடிச்சு மேல அனுப்பும். தொண்ணூறுகள்ல செஞ்ச மெசின், வெள்ளைக்காரர் ஒராள் கொண்டு வந்து போட்டது. ஆட்டம் நல்லாத் தொடங்கும், ரெண்டு பிளிப்பரயும் ஒண்டா அமத்தினா லைட் எல்லாம் அணைஞ்சு மறுகா முதல்ல இருந்து தொடங்கும். பாக்க வந்த ஒராள் மெசின்ட மூளை மாதிரி உள்ள சீபீயூ போட் போச்சு, வெளிநாட்டுல இருந்துதான் எடுக்கோணும் எண்டு பெரிய விலை ஒண்டச் சொல்லிட்டுப் போயிட்டார்.

சீபீயூக்குக் கரண்ட் குடுக்கிற 5 வோல்ட் லைன்ல மீற்றர வெச்சா சும்மா நிக்கக்குள்ள சரியாக் காட்டுது, பிளிப்பர் அடிக்கக்குள்ள டக்கெண்டு இறங்குது. இந்த வகை மெசின்ல அந்த லைன் 4.6 வோல்ட் அளவுக்கு இறங்கினா சீபீயூ தாறுமாறா ஓடாம இருக்கத் தானாவே ரீசெட் ஆகும், அதான் முதல்ல இருந்து தொடங்கும், அப்பிடித்தான் செஞ்சே வெச்சிருக்காங்க. சீபீயூ தன்ட வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கு, அதப்போய் கழட்டி எறியச் சொல்லியிருக்கார்! பாக்க வேண்டியது அதுக்கு முன்னால உள்ள வழிய. ராவில ஏசி எல்லாம் ஓடக்குள்ள சுவத்துக் கரண்ட் 230ல நிக்குதா, ஏசி கரண்ட டீசியா மாத்துற பிரிட்ஜ் ரெக்டிபயர் நல்லமா, பக்கத்துல அந்தக் கரண்ட ஆடாம வெச்சிருக்கிற 15,000 மைக்ரோபரட் கப்பாசிட்டர் காஞ்சிட்டா, வயர் போட்டுல வந்து சேருற கனெக்டர் பின் கறுத்திருக்கா. இதுல கப்பாசிட்டரும் காஞ்சுதான் இருந்திச்சு, ஆனா பெரிய கள்ளன் கனெக்டர். பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா பின்ன சுத்தி ஈயம் தலமயிர் அளவுக்கு வட்டமா வெடிச்சிருக்கு, விரலால மெல்ல அசைச்சாலே ஐஞ்சு வோல்ட் ஆடுது. கடக்கரையில உப்புக்காத்துல பின் பச்சை பிடிச்சு, அந்த இடம் சூடேறி ஆறி ஏறி ஆறி வெடிக்கிறதுதான். பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு பின்னும் கப்பாசிட்டரும் புதுசு போட்டதோட மெசின் ஓடிட்டு, செலவு அவர் சொன்ன விலையில ஒரு மூலைக்கும் காணாது.

இதவிட எனக்குக் கோவம் வந்தது பியூஸப் பாத்துத்தான். பிளிப்பர் மாதிரிச் சாமான இழுக்கிற கம்பிச் சுருள், கொயில் எண்டு சொல்லுறது, அந்த லைன்ல பியூஸ் எரியுது எண்டு யாரோ கம்பியச் சுத்தி விட்டிருக்காங்க. இந்தக் கொயிலுகள் டக்கெண்டு இழுத்து விடுறதுக்கு உள்ளது, கன கொயில் ஒரு சில ஓம்தான் காட்டும், அத ஓட்டுற டிப் 102 மாதிரி ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனா கொயில் விடாம இழுத்துக்கொண்டே நிக்கும், பியூஸ் போகாட்டி கொயில் கருகும், வயர் உருகும், மெசினே பத்தினாலும் பத்தும். பியூஸ் எரிஞ்சா என்னமோ சொல்லுது எண்டுதான் அர்த்தம், மெசின ஓஃப் பண்ணி மீற்றர டயோட் சோதிக்கிற பக்கம் திருப்பி வெச்சு ட்ரான்சிஸ்டர ஒண்டொண்டாப் பாருங்க, கொயில்ல உள்ள, கரண்ட ஒரு பக்கம் மட்டும் விடுற சின்ன டயோட் விட்டுப் போயிருக்கா எண்டும் பாருங்க, அது இல்லாட்டி புது ட்ரான்சிஸ்டரும் கெதியாப் போயிரும். குண்டு பட்டா பொயிண்ட் ஏத்துற சுவிட்சும் இதே கதைதான், எட்டுக்கு எட்டு 64 சுவிட்ச் ஒரே வயர் பின்னல்ல, ஒரு டயோட் ஷோர்ட் ஆனா குண்டு படாத இடத்துல பொயிண்ட் ஏறும், அதுக்கும் போட்டத்தான் குத்தம் சொல்லுவாங்க.

அந்தக் காலத்துக்காரன் திருத்துறவன நினைச்சுத்தான் செஞ்சிருக்கான். எண்பது ஆண்டு கிட்டத்துல வந்த பேலி கொம்பனிட பின்போல் மெசின்ல சீபீயூ போட்டுல ஒரு சின்ன எல்ஈடி இருக்கும், ஓன் பண்ணினா ஏழு தரம் மின்னோணும், எத்தினையாவது மின்னலோட நிக்குதோ அதுக்கு அடுத்த சோதனையிலதான் பிழை. இண்டைக்கு வாற சாமான்ல இப்பிடி ஒண்டக் காட்டுங்க பாப்பம்.

உங்கட பேப்பர்ல ஒரு சின்ன இடம் தந்தா இத மட்டும் போடுங்க: உள்ளுக்க பேட்டரி உள்ள எந்தப் பழைய மெசினும், பின்போலோ வேற என்னமோ, ஆடாமக் கிடந்தா பேட்டரிய இண்டைக்கே கழட்டச் சொல்லுங்க. ஒழுகின தண்ணி செப்புக் கோட்டத் திண்டு போட்டுல உள்ள ஐசி சிப்புட காலுக்குள்ள போயிட்டா, வினாகிரியால கழுவி மறுகா ஸ்பிரிட்டால துடைச்சாலும் கன தரம் காப்பாத்த ஏலாது. அப்பதான் உண்மையிலயே போட் போச்சு.

இப்படிக்கு,
ஒரு ரிப்பேர்காரன்,
கல்முனை.