ஷட்டருக்கு அடியில் வந்த மழை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வைத்தியம், பேத்தியை டியூஷனுக்குக் கூட்டிப்போவது என்று நாள் ஓடிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மன்னார்குடி வீட்டில் கார் நிறுத்த ஷட்டர் போட்டு அறை கட்டுகிறாய், அடியில் தண்ணீர் வராமலிருக்க நல்ல ரப்பராகப் பார்த்து அனுப்பு என்று எழுதியிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் இங்கே சிங்கப்பூரில் மகன் வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

போன வருஷம் ஜூன். விடியற்காலை நாலரை மணி. மழையோடு அடிக்கிற சுமத்ரா சூறைக்காற்று உனக்கு மறந்திருக்காது. நைட் ஷிப்ட் முடிகிற நேரமாகப் பார்த்து வரும், கிரேனையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நிற்போமே, அதே காற்றுதான். அரைமணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. டீ போட எழுந்த மருமகள் கராஜ் விளக்கைப் போட்டுவிட்டுச் சத்தம் போட்டாள். கணுக்கால் அளவு இல்லை, அரை அங்குலம்தான். ஆனால் தரையில் இருபது கிலோ பொன்னி அரிசிப் பை இருந்தது. தெக்கா மார்க்கெட்டிலிருந்து முந்தின நாள்தான் வந்தது.

மகன் ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டான். வந்தவர் ஷட்டரின் அடி ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, வெயிலில் காய்ந்து கட்டையாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார். மாற்றினார், காசு வாங்கினார், போனார். அடுத்த மழையில் அதே அரை அங்குலம். இந்தத் தடவை மகன் என்னைப் பார்த்தான். முப்பது வருஷம் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கிற டாக்கில் இருந்த மனுஷன், வீட்டுக்குள் தண்ணீர் வருவதை வேடிக்கை பார்க்கிறாரே என்று நினைத்திருப்பான்.

அன்று ராத்திரி கராஜுக்குள் தரையில் டார்ச்சை வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே போய்க் குந்தினேன். (குந்தினது சுலபம், எழுந்திருக்கப் பேத்தி கை கொடுக்க வேண்டியிருந்தது.) நடுவில் ரப்பர் தரையோடு நன்றாக உட்கார்ந்திருந்தது. இரண்டு மூலையிலும் வெளிச்சம் கோடாக வந்தது. ஐம்பது காசு நாணயத்தை விட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. தரை நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம். ஷட்டர் நேர்கோடு, தரை வளைவு. எந்த ரப்பரை வைத்தாலும் மூலை அடைபடாது.

அதுகூடப் பரவாயில்லை. பேத்தியின் கோலிக்குண்டு ஒன்றை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது ரோட்டை நோக்கி உருளவில்லை. நிதானமாக ஷட்டரை நோக்கி வந்து, டக்கென்று இடித்து நின்றது. வீட்டை வாங்கின புதிதில் பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே புதுத் தரைக்கல் பதித்திருக்கிறார்கள். வாசல் பக்கம் உயர்ந்துபோய், வாட்டம் தலைகீழாகிவிட்டது. வாசலுக்கும் ஷட்டருக்கும் நடுவே ஆறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம், முப்பது சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இருபது மில்லிமீட்டர் பெய்தால் அறுநூறு லிட்டர், பத்து லிட்டர் வாளியில் அறுபது வாளி. அத்தனையும் ஷட்டரைப் பார்த்து வருகிறது. அதைத் தடுக்க ஒரு விரல் தடிமன் ரப்பர்!

நம் டாக் கேட்டை நினைத்துப் பார். வெளியே கடல், உள்ளே காய்ந்த தரை, ஒரு சொட்டு ஒழுகினாலும் ஃபோர்மேன் கத்துவார். அது எப்படி அடைத்தது? கடல்தண்ணீரே கேட்டைத் தள்ளி ரப்பரோடு அழுத்திவிடும். கடல் ஏற ஏற அடைப்பு இறுகும். ஷட்டரில் அந்த உதவி கிடையாது. தன் கனத்தில் தொங்குகிற தகடுதான், தண்ணீர் கொஞ்சம் நின்றால் அடியில் புகுந்துவிடும். அதனால் தண்ணீர் ஷட்டர்வரை வரவே கூடாது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததே, அதற்குப் பிறகு ரோட்டையே உயர்த்தினார்கள். அது போதாதென்று பொட்டானிக் கார்டன் பக்கம் 38,000 கன மீட்டர் பிடிக்கும் தொட்டியும் ஒரு திசைதிருப்புக் கால்வாயும் கட்டினார்கள், 2018இல்தான் முடிந்தது.

நாங்கள் செய்தது சின்ன வேலை. ஷட்டருக்கு ஒரு முழம் முன்னால், குறுக்கே நான்கு அங்குல அகலத்தில் தரையை அறுத்து, ஸ்டீல் சல்லடை மூடியோடு ஒரு கால்வாய். அது பக்கத்திலிருந்த சின்ன வடிகாலில் (ஸ்கப்பர்) சேர்ந்து, தெருவோரப் பெரிய வடிகாலான லோங்காங்குக்குப் போகிறது. அறுக்க வந்த பையன் பட்டுக்கோட்டை, உன் ஊர்ப் பக்கம்தான். அவனிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்: கால்வாயின் அடியிலும் வாட்டம் வேண்டும். தண்ணீர் தங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சோதனைக்கு வருகிறவர்கள் அபராதம் போட்டுவிடுவார்கள்.

அப்புறம்தான் ரப்பர். ஷட்டரின் அடியில் இருப்பது போக, தரையில் ஒட்டுகிற நிலைப்படி மாதிரி ஒரு பட்டை கிடைக்கிறது. மூலைப் பள்ளத்தை முதலில் சிமெண்டு வைத்துச் சமன் செய்துவிட்டு அதை ஒட்டினால் ஷட்டர் அதன்மேல் வந்து உட்காரும். இதில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். டிசம்பரில், மழை விட்ட மறுநாளே, தரை காய்ந்துவிட்டது என்று நம்பி ஒட்டினேன். மேலே காய்ந்திருந்தது, சிமெண்டு உள்ளே ஈரம். ஒரே வாரத்தில் தோசை மாதிரி உரிந்து வந்தது. பிப்ரவரி வெயில் வரக் காத்திருந்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து மறுபடி ஒட்டினேன். இன்றுவரை அசையவில்லை. வாரம் ஒருமுறை சல்லடையில் விழுந்த இலையைப் பொறுக்குவது இப்போது என் வேலை. மாமா வேலைக்குப் போகிறார் என்று மருமகள் கிண்டல் செய்கிறாள்.

உனக்கு இன்னும் தளம் போடவில்லை என்றால் நீ அதிர்ஷ்டக்காரன். அறையின் தளத்தை வெளித்தரையைவிட ஒரு அங்குலமாவது உயர்த்திப் போடச் சொல். வெளியே மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம், தெருவைப் பார்த்து. ஷட்டர் இறங்குகிற கோட்டை மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே பூசச் சொல், கொத்தனார் கண்மட்டத்தை நம்பாதே. ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாம் முடிந்திருக்கட்டும்.

பட்டையும் ஒட்டுகிற பசையும் வாங்கி வைத்திருக்கிறேன். பசை டியூபை விமானத்தில் விடுவார்களா என்று விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் தஞ்சாவூரில் வாங்கிக்கொள். ஷட்டரின் அகலம் எத்தனை அடி என்று நீ எழுதவே இல்லை. அளந்து எழுது, அதற்குத் தகுந்தாற்போல் வெட்டி அனுப்புகிறேன்.

உன் பழைய டாக் கூட்டாளி