வாசல் மரத்தை வெட்டுவதற்கு முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாளாமே, இனி உனக்கு உட்கார நேரமிருக்காது.

வாசல் குல்மோகர் மரம் விஷயத்துக்கு வருகிறேன். புயலில் விழுந்துவிடும், கொசுவுக்கும் குழாய்க் கசிவுக்கும் மதில் விரிசலுக்கும் அதுதான் காரணம், வெட்டிவிடு என்று பக்கத்து வீட்டார் சொல்வதாக எழுதியிருந்தாய். விழும் என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் விழுந்த மரங்களில் குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி நிறைய. வேர் மேலாகவே ஓடும், கட்டையும் சட்டென்று முறியும். ஆனால் பாதிப் பழி நம்முடையது. அடிமரம் வரை பேவர் பிளாக் கல் பதித்தால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. கரண்டு கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் கழித்தால், பாரமெல்லாம் மறுபக்கம் சாயும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமெண்டை எடுக்கும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது.

முதலில் மரத்தைப் பார். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? மரச்சுத்தியால் தட்டினால் உள்ளே வெற்றிடம்போலப் பொள்ளென்று கேட்கிறதா? இருந்தால் யோசிக்காதே, மாநகராட்சியில் மனு கொடுத்து எடுத்துவிடு. இல்லையென்றால் கல்லைப் பெயர்த்து மண்ணைத் திற. மழைக்கு முன் பாரத்தைச் சமன்செய்து கழி. கனத்த கிளையை ஒரே வெட்டில் அறுக்கக் கூடாது, பட்டை அடிமரம் வரை உரிந்து வரும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து கால்வாசி அறு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்து. மிச்சக் கட்டையை, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே அறுத்தெடு. வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்டும் பூச வேண்டாம்.

கொசுவுக்கு மரத்தைத் திட்டுவது பெரும்பாலும் வீண். நகர மலேரியாவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும்தான். மரப்பொந்தில் தண்ணீர் தேங்கினால் மட்டும் மணல் போட்டு நிரப்பு. சிமெண்ட் வேண்டாம், மரம் ஆடும்போது வெடித்துவிடும். சருகு மட்டும் உண்மையான தொல்லை. ஐப்பசியில் வடிகால் வாயை அடைத்துத் தெருவை நிரப்பிவிடும்.

குழாயைப் பெரும்பாலும் வேர் உடைப்பதில்லை, ஏற்கெனவே கசியும் இணைப்பு வழியாக நுழைகிறது. இணைப்பைச் சரிசெய்யாமல் மரத்தை வெட்டினாலும் கசிவு போகாது.

மாற்று நடுவதானால் மகிழம். மெதுவாகத்தான் வளரும், ஆனால் நிழல் அடர்த்தி. அவசரமென்றால் புங்கை, கோடையில் ஒருமுறை மொத்த இலையும் கொட்டும், சலித்துக்கொள்ளாதே. மூன்றடிக்கு மூன்றடி குழி, ஆறடிக் கன்று. பையைக் கிழித்ததும் வட்டமாகச் சுற்றியிருக்கும் வேரை அறுத்துவிடு, இல்லாவிட்டால் அது பின்னால் அடிமரத்தையே நெரிக்கும்.

மதில் விரிசலுக்கு மரம்தான் காரணமா என்று யோசிக்க, அது மேலே அகலமா, கீழே அகலமா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
ராமு