விட்டுப்போன நாள்களுக்குப் பாக்கி இல்லை

குலசேகரம்,
பிப்ரவரி முதல் வாரம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பியிருந்த நீண்ட செய்தியை நானும் அம்மாவும் படித்தோம். குவைத் ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியும் பகல் டியூட்டியும் மாறி மாறி வருவதால் காலை நடை நின்றுவிட்டது, வேதாகம வாசிப்பு விட்டுப்போய்விட்டது, பாட்டியைத் தினமும் அழைப்பதாகச் சொல்லிப் போன நான் இப்போது அழைக்கவே கூசுகிறேன் என்று எழுதியிருந்தாய். இதைத் தொலைபேசியில் பேசினால் "பரவாயில்லை மக்களே" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன் என்பதால்தான் கடிதமாக எழுதுகிறேன். ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து பால்வெட்டை நிறுத்தி வைத்திருக்கும் காலம் ஆகையால், விடியற்காலை நேரம் இப்போது எனக்குச் சும்மா கிடைக்கிறது.

நடை நின்றதும் வாசிப்பு நின்றதும் என்னைப் பெரிதாக வருத்தவில்லை. அந்தக் கூச்சம்தான் வருத்தியது. ஒருநாள் அழைக்க முடியாமல் போகிறது. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து நிறையப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு அரைமணி நேரம் ஒழியட்டும் என்று காத்திருந்து, அது ஒழியாமல் அடுத்த நாளும் கழிந்துவிட, பிறகு என்ன சமாதானம் சொல்வது என்ற யோசனையே அழைப்பைத் தடுக்கும் பெரிய காரணமாகிவிடுகிறது. விட்ட நாள்களைப் பாக்கியாக எழுதி வைத்துக்கொண்டு அவற்றைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும் என்று நினைப்பவர்களால் எந்த வழக்கத்துக்கும் திரும்பி வர முடியாது என்பது என் எண்ணம். பாட்டி உன்னிடம் பாக்கி எதையும் வசூலிக்கப் போவதில்லை.

சிறு வயதில் என்னோடு தோட்டத்துக்கு வந்திருக்கிறாய், ஆகையால் நான் சொல்வது உனக்குப் புரியும். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதற்காக இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போய் வெட்டுகிறோம். ஆனாலும் ஒரு மரத்தை ஒன்றுவிட்ட நாள்தான் வெட்டுகிறோம். இடைப்பட்ட நாளில் மரம் சும்மா நிற்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். பட்டைக்குள் பால் ஊறுவது அந்த நாளில்தான். விலை ஏறியிருக்கிறதே என்று தினமும் வெட்டினால் கொஞ்ச நாள் கூடுதலாகக் கிடைக்கும், பிறகு வெட்டுப் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். அப்படி நின்ற மரத்தை மீட்டெடுப்பது எளிதல்ல. தை, மாசியில் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும்வரை கத்தியை எடுக்காமல் இருப்பதும் அதனால்தான். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் பல நாள்கள் வெட்ட முடியாமல் போகின்றன. அதற்காக மழை தொடங்கும் முன்பே மரத்தில் பிளாஸ்டிக் மறைப்பைக் கட்டி வைக்கிறோம். மழை வந்தபிறகு மறைப்புக் கட்ட ஓடுகிறவனை ஊரில் யாரும் விவசாயி என்று மதிக்க மாட்டார்கள். இரவு டியூட்டி வரும் என்று பட்டியல் போட்ட அன்றே உனக்குத் தெரியும் அல்லவா? அந்த வாரத்துக்கான வழக்கம் எது என்பதை அன்றைக்கே தீர்மானித்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்ளலாம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கவாதத்தில் படுத்திருக்கும் பாட்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குதிகாலிலும் முதுகின் அடிப்பாகத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரையேறாமல் இருக்க நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை தவறக் கூடாது. இதையெல்லாம் நர்ஸான உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களுக்கு உடம்பு முடியாத நாளிலும் இவற்றில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது, ஆகையால் இங்கே மாற வேண்டியது ஆள்தான். சென்ற மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பகலில் சித்தி வந்து இருந்தாள், இரவில் நான் பார்த்துக்கொண்டேன், சபைப் பெண்கள் இரண்டு பேர் மத்தியானம் வந்து பாட்டிக்கு வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்துக் காட்டினார்கள். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று அம்மா முதலில் பிடிவாதமாகத்தான் இருந்தாள். அந்தப் பிடிவாதத்தை அன்பு என்று புகழ்கிறவர்கள் பெரும்பாலும் ஒருநாள்கூட நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்காதவர்கள்.

நம் குடும்ப ஜெபத்தின் சங்கதி வேறு. அதை நமக்காக வேறொருவர் செய்ய முடியாது, ஆனால் அதைச் சுருக்கிக்கொள்ள முடியும். பாட்டு, வேதபாகம், ஜெபம் என்று முறையாக நடந்துகொண்டிருந்தது, அம்மா காய்ச்சலில் கிடந்த நாள்களில் பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லும் ஒரு பரமண்டல ஜெபமாகிவிட்டது. அதைக் குறைந்த ஜெபம் என்று நான் நினைக்கவில்லை. சனிக்கிழமை மீன் குழம்பும் அப்படித்தான்: ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை முடிய மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் நல்ல மீன் அரிதாகிவிடும், நாட்டுப்படகில் வந்த சாளை கிடைத்தால் அம்மா முள்ளெடுத்து மசித்துக் கஞ்சியில் சேர்ப்பாள், அதுவும் கிடைக்காத சனிக்கிழமையில் வெறும் புளிக்குழம்புச் சாறு. பாட்டிக்கு அது சனிக்கிழமை என்று தெரிந்துவிடும்.

பாட்டிக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதையும் நீ மனதில் வைக்க வேண்டும். சில நாள் பழைய கதையெல்லாம் தெளிவாகச் சொல்வாள். சில நாள் உன் குரலைக் கேட்டும் கண்ணைத் திறக்க மாட்டாள். அவள் பேசவில்லை என்பதை வைத்து அந்த அழைப்பு வீண் என்று முடிவு செய்துவிடாதே.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்துக் காலம் தொடங்கியதும் நடை, வாசிப்பு, உபவாசம், தினமும் அழைப்பு என எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மக்களே, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். லெந்து தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்காமல்தான் அதை 40 நாள் என்கிறோம். உபவாச காலத்தை வகுத்தவர்களே ஓய்வு நாளை அதற்குள் வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். நடையை வேண்டுமானால் இந்த வருஷம் விட்டுவிடு. வார்டில் நீ நடப்பது போதும்.

அழைப்புக்கு நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். இரவு டியூட்டி முடிந்து நீ அறைக்குத் திரும்பும் காலை எட்டு மணி நமக்குப் பத்தரை. அப்போது பாட்டி குளித்து, கஞ்சி குடித்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். நீ குறை சொல்லும் இரவு டியூட்டி வாரம்தான் உண்மையில் பாட்டியோடு பேசுவதற்கு வசதியான வாரம். பகல் டியூட்டி வாரத்தில் நீ திரும்பும் இரவு எட்டு நமக்குப் பத்தரை, பாட்டி தூங்கியிருப்பாள். ஆகையால் அந்த வாரத்தில் அழைக்கவே வேண்டாம். வேலைக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பிவிடு, மாலை ஜெபத்துக்கு முன் அம்மா அதைப் பாட்டியின் காதருகே வைத்துப் போடுவாள். அனுப்ப முடியாத நாளில் சென்ற நாள் அனுப்பியதையே மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாத டியூட்டிப் பட்டியல் வந்ததும் அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா